வீட்டுக் குரலை எதிர்க் கடையில் வைத்தவர்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு மைஷாபெலின் கடைக்குள் பதினோரு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பதினோரு குரல்களும் வாசலை ஒட்டிய சுவரில் பித்தளைக் கொக்கிகளில் தொங்கின. பன்னிரண்டாவதாக வந்து நின்றவர் விருதுநகர் மிளகாய் வற்றல் வியாபாரி கே. வெயிலுமுத்து. அவருக்குப் பின்னால் அவர் மனைவி மங்கையர்க்கரசி.

ஊர் சான் செபஸ்தியான். ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் மக்கள் வாழ்கிற கடலோர நகரம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் மேடேறிப் போகிற எகியா என்ற பேட்டையில் கடைகள் இரண்டு வகை. அமைதியான கடை என்றால், குரலைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டு உள்ளே போகவேண்டும். மற்றக் கடைகளுக்குக் குரலோடு போகலாம். நகராட்சி இரண்டுக்கும் ஒரே வரிதான் வாங்குகிறது.

இந்தக் கடைகளை மதுக்கடை என்று சொன்னால் விருதுநகரில் வேறு மாதிரி அர்த்தமாகிவிடும். கைக்குழந்தையோடு வருகிறவர்களும் உண்டு. மேடைமேல் தட்டுத் தட்டாகப் பின்ச்சோ வைத்திருப்பார்கள். கட்டைவிரல் நீள ரொட்டித் துண்டின் மேல் மீனையோ, காளானையோ, முட்டையையோ ஏற்றி, அது சரியாமல் இருக்க ஒரு குச்சியைக் குத்தி நிறுத்தியிருப்பார்கள். அதுதான் பின்ச்சோ. வேண்டியதை எடுத்துச் சாப்பிடலாம். யாரும் உபசரிப்பதில்லை, யாரும் துரத்துவதுமில்லை.

கடையைத் தேர்ந்தெடுத்தது மங்கை. வந்து இறங்கிய மறுநாள், மகள் வேலைக்குப் போன நேரத்தில், பேட்டை முழுக்க நடந்தாள். எந்தக் கடைக்குள்ளும் போகவில்லை. எதிர் நடைபாதையில் நின்றுகொண்டு, சாப்பிட்டு முடித்து வெளியே வருகிறவர்கள் குரலை எடுத்து மாட்டியதும் முதலில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாள். முதல் கடையில் குரல்களை அடுப்படியில் மாட்டுகிறார்கள். வெளியே வந்தவர்கள் பேசியபோது பூண்டு வாடை அடித்தது. இன்னொன்றில் கொக்கிகள் நெருக்கம். ஓர் அம்மாள் பக்கத்து மேசைக்காரரின் தடித்த குரலில் புருஷனைக் கூப்பிட, அந்தப் பக்கத்து மேசைக்காரர் மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்டு மாற்றிக்கொண்டார். மூன்றாவது கடையில் வாசல் வழியே சாரல் அடித்து, எல்லாரும் குரலை உதறி உதறி மாட்டினார்கள். மைஷாபெலின் கடையில் கொக்கிக்குக் கொக்கி ஒரு சாண் இடைவெளி இருந்தது. சாப்பிட்டவர்கள் வெளியே வந்து, குரலை மாட்டிக்கொண்டு, கொஞ்ச தூரம் ஒன்றுமே பேசாமல் நடந்தார்கள். மங்கை அதோடு தேடுவதை நிறுத்தினாள்.

அமைதியாகச் சாப்பிடவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்தது. மறுநாள் சனிக்கிழமை மதியம் நகர மன்றத்தில் அவர்களுடைய மகள் முத்தரசிக்கு உனாய் என்ற பையனோடு பதிவுத் திருமணம். முத்தரசி அந்த ஊரில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். உனாய் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். நடக்குமா நடக்காதா என்பது வெயிலுமுத்துவின் ஒரு வார்த்தையில் நின்றது.

வெயிலுமுத்துவிடம் இரண்டு குரல்கள் இருந்தன. மண்டி வைத்திருக்கிற பலரிடமும் இருப்பதுதான். ஒன்று கடைக் குரல். லாரி இரைச்சலுக்கும் மூட்டை தூக்குகிறவர்களின் தும்மலுக்கும் மேலே ஏறி நிற்கும். அதில் ஒரு விலையைச் சொல்லிவிட்டால் அப்புறம் எழுத்து வேண்டாம். இன்னொன்று வீட்டுக் குரல். அது உள்ளே இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் முத்தரசி தொலைபேசியில் சொன்னாள்:

"அப்பா, சட்டப்படி உங்க சம்மதம் தேவையில்ல. எனக்குத்தான் தேவை. சரின்னு ஒரே ஒரு வார்த்தை. ஆனா வீட்டுக் குரல்ல சொல்லுங்க. என்ன படிக்கிறதுங்கிறது, ஸ்கூட்டி வேணாம்ங்கிறது, அந்தக் கோயமுத்தூர் மாப்பிள்ளை, எல்லாமே கடைக் குரல்லதான் முடிஞ்சுது. இதையும் அதுல முடிச்சீங்கன்னா எடை போட்டு லாரியில ஏத்திவிட்ட மாதிரி இருக்கும். வீட்டுக் குரல் வரலேன்னா பரவாயில்ல, வந்து சாப்பிட்டுட்டுப் போங்க. நான் பதிவு பண்ணிக்க மாட்டேன். அவ்வளவுதான்."

வெயிலுமுத்து விமான டிக்கெட் எடுத்தார். போவதற்கு இரண்டு. திரும்பி வருவதற்கு மூன்று.

மதுரையிலிருந்தே இருவருக்கும் சண்டை. விமானத்திலும் அது நிற்கவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் எழுந்து வேறு இடம் கேட்டுப் போய்விட்டார். அதனால்தான் மங்கை அப்படி ஒரு கடையைத் தேடினாள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காவது கடைக் குரல் கழன்று கிடந்தால், அடியில் இருப்பது மேலே வர வழி கிடைக்கும் என்பது அவள் கணக்கு.

மைஷாபெல் ஐம்பது வயதுக்காரி, சிவப்புச் சட்டத்தில் கண்ணாடி போட்டவள். வாசலில் நின்று இரண்டு கொக்கிகளைக் காட்டினாள். மங்கை தன் குரலைக் கழற்றி, சுருக்கம் விழாமல் நீவி, முதல் கொக்கியில் மாட்டினாள். வெயிலுமுத்து கடைக் குரலை இரண்டாவது கொக்கியில் மாட்டினார். வீட்டுக் குரலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கல்யாண மண்டபம், கோயில், வங்கி மேலாளர் வீட்டு கிரகப்பிரவேசம், எங்கே போனாலும் அவர் செருப்பை ஜோடியாக விட்டதில்லை. வலதை ஒரு மூலையில் விடுவார், இடதை நாலு கடை தள்ளி விடுவார். ஒற்றைச் செருப்பை யாரும் எடுக்கமாட்டார்கள். இப்படிச் செய்ய ஆரம்பித்ததிலிருந்து ஒரு செருப்பும் தொலைந்ததில்லை. இங்கேயும் அதையே செய்தார். தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனார். குரலோடு போகிற கடை அது. ஒரே கூச்சல். பெயர்ப் பலகையில் முதலாளியின் பெயர் அந்தோனி என்று இருந்தது. நம் பக்கத்துப் பெயராக இருக்கிறதே என்ற நம்பிக்கையில், கதவுக்குப் பின்னால் இருந்த குடைத் தொட்டிக்குள் வீட்டுக் குரலைச் சுருட்டி வைத்துவிட்டுத் திரும்பினார். மங்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தடுக்கவில்லை. சிவகாசிக் கல்யாணம் ஒன்றில் அவளுடைய புதுச் செருப்பு ஜோடியோடு போனது.

உள்ளே தட்டு வைக்கிற சத்தமும், ரொட்டி முறிகிற சத்தமும், ஒருவர் மீன்முள்ளை ஓரமாக ஒதுக்குகிற சத்தமும் கேட்டன. சன்னலோரத்து மேசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மைஷாபெல் வெள்ளை ஒயினைத் தலைக்கு மேலே பிடித்துக் கீழே இருந்த கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினாள். டீக்கடையில் ஆற்றுவது போலத்தான். இங்கே ஒரே தடவை. மங்கைக்குத் திராட்சைச் சாறு.

முதலில் வந்த குச்சியில் ஓர் ஆலிவ் காய், உப்பில் ஊறிய நெத்திலி, வினிகரில் போட்ட பச்சை மிளகாய். வெயிலுமுத்து மிளகாயை மட்டும் உருவி எடுத்தார். காம்பைக் கிள்ளினார். விளக்குக்கு நேரே தூக்கி விதையைப் பார்த்தார். நுனியைக் கடித்துக் காத்திருந்தார். காரம் வரவில்லை. இந்த மிளகாயை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படி வியாபாரம் செய்கிறார்கள் என்று மங்கையிடம் கேட்க வாயைத் திறந்தார். கேட்பதற்குக் குரல் இல்லை. வாயை மூடிக்கொண்டார். இன்னொரு குச்சியை எடுத்தார்.

கணவாய் வந்தது, தன் மையிலேயே வெந்து. காளான் வந்தது. உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை வந்தது. மங்கை அதை மட்டும் இரண்டாவது தடவை கேட்டாள், விரலைக் காட்டி. வெயிலுமுத்து தன் தட்டிலிருந்த துண்டையும் அவள் தட்டுக்குத் தள்ளினார். அவள் அதைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்க முடியாததால் சாப்பிட்டாள். பக்கத்து மேசையில் இருந்த ஒரு கிழவர் தூங்கிவிட்டார். மைஷாபெல் அவருடைய கோப்பையை மேசையின் நடுவுக்கு நகர்த்தி வைத்தாள். வெயிலுமுத்துவுக்கு முதுகு நாற்காலியில் சாய்ந்தது. அப்படிச் சாய்ந்து எத்தனையோ காலமாயிற்று.

சட்டைப் பையில் மூன்றாவது டிக்கெட் இருந்தது. அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்தார்கள். மங்கை குரலை மாட்டிக்கொண்டாள்.  வெயிலுமுத்து கடைக் குரலை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். குடைத் தொட்டியில் இரண்டு குடைகள் இருந்தன. கையை விட்டுத் துழாவினார். தொட்டியைக் கவிழ்த்தே பார்த்தார்.

"போச்சு" என்றார் கடைக் குரலில். தெருக்கோடியில் ஒரு நாய் எழுந்து நின்றது.

"எது போச்சு?"

"வீட்டுக் குரல்."

மங்கை இடுப்பில் கையை வைத்தாள். "வேணும்னே கொண்டுபோய்ப் போட்டீகளா?"

"செருப்பை யாராச்சும் வேணும்னே தொலைப்பானா?"

"செருப்பைத் தொலைக்க மாட்டீக. நாளைக்கு மதியம் சொல்லவேண்டிய வார்த்தையைத் தொலைப்பீக. மூணாவது டிக்கெட் யாருக்குன்னு நான் இன்னும் கேக்கலியே, பாத்தீகளா?"

வெயிலுமுத்து தொட்டியை நிமிர்த்தி வைத்தார். குடைகளை உள்ளே போட்டார். குரல் தொலைந்துபோனால் வார்த்தை இல்லை. வார்த்தை இல்லையென்றால் பதிவு இல்லை. எதற்காக மூன்று டிக்கெட் எடுத்தாரோ அது தானாகவே நடந்துவிடும். இதையெல்லாம் அவர் யோசிக்காமல் இல்லை. யோசித்துக்கொண்டேதான் கதவைத் தள்ளி உள்ளே போனார்.

"யோவ் அந்தோனி! இங்க வச்ச சாமான் எங்கய்யா?"

கடையின் கூச்சல் அடங்கியது. கடைக் குரலுக்கு எந்த ஊரிலும் அடங்குவார்கள். அந்தோனி குட்டையான மனிதர், தோளில் துண்டு போட்டிருந்தார். அவர் ஏதோ சொன்னார், இவருக்குப் புரியவில்லை. மங்கை மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அதை ஒலிபெருக்கியில் போட்டு மேடைமேல் ஆலிவ் கிண்ணத்தில் சாய்த்து வைத்தாள். அந்தோனி கிண்ணத்தைப் பார்த்துப் பேசினார். முத்தரசி தமிழில் சொன்னாள்.

"ஒத்தையாக் கிடந்துச்சாம்மா. ஜோடியா இருந்தா எடுத்து வச்சிருப்பேன், ஒத்தைக் குரலை யாரும் மறந்துட்டுப் போகமாட்டாங்க, குடுத்துட்டுத்தான் போவாங்கங்கிறார். நம்ம திருநெல்வேலியில, வேணுங்கிறவங்க எடுத்துக்கட்டும்னு வேணாத துணியைச் சுவத்துல மாட்டிட்டுப் போவாங்களே, அது மாதிரி இந்தப் பேட்டையில ஒரு வழக்கமாம். ரொம்பப் புதுசா வேற இருந்துச்சாம். யாரோ நல்ல மனுஷன் வச்சுட்டுப் போயிருக்கான்னு நெனச்சாராம்."

"புதுசுதான்" என்றாள் மங்கை. "எடுத்துப் போட்டாத்தானே பழசாகும்."

"இப்ப அது எங்க?" என்றார் வெயிலுமுத்து.

அந்தோனி துண்டால் காட்டினார். மூலை மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் கோல்டோ, மீன் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். செப்டம்பர் மாதப் படகுப் போட்டிகளில் தன் ஊர்ப் படகுக்காகக் கத்திக் கத்திக் குரல் நூலாகக் கிழிந்துபோய், நாலைந்து வருஷமாகக் குரலில்லாமல் இருக்கிறவர். சின்னவர் அவருடைய தம்பி ஷபியேர். அப்பா விட்டுப் போன படகை விற்ற தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று, அதே கடையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தவர்கள். அன்று மாலை அந்தோனி கொடுத்த குரலைக் கோல்டோ மாட்டிப் பார்த்தார். அது சரியாக இருந்ததால் எழுந்து தம்பியிடம் போனார். தம்பி நகர்ந்து இடம் விட்டார்.

வெயிலுமுத்து மேசைக்குப் போய் நின்றார். "ஐயா, அது என் குரல்."

கோல்டோ நிமிர்ந்து பார்த்தார். பெரிய கை, பெரிய மூக்கு. அந்த உடம்பிலிருந்து வெயிலுமுத்துவின் வீட்டுக் குரல் வந்தது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்யா. குரலைக் குடு."

"பரவாயில்ல, விடு."

"என்ன பரவாயில்ல? நாளைக்கு மதியம் எனக்கு அது வேணும்."

"மெதுவா, மெதுவா" என்றார் கோல்டோ. "வெந்நி போட்டு வச்சிருக்கேன்."

மங்கை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அவர்கிட்டச் சத்தம் போட்டு என்ன செய்ய? அந்தக் குரலுக்குத் தெரிஞ்சதே ஏழெட்டு வார்த்தைதானே. அதைத்தான் அவரும் சொல்வாரு. முத்தரசிக்கு அம்மை போட்டப்ப நீக ராத்திரியெல்லாம் உக்காந்து பேசுனது. அதுக்கப்புறம் நான் கேக்கல."

தொலைபேசி ஆலிவ் கிண்ணத்தில் சாய்ந்தபடியே இருந்தது. அதிலிருந்து முத்தரசி கேட்டாள்: "அம்மா, யாரு பேசுறது? அப்பாவா?"

கோல்டோ கிண்ணத்தின் பக்கம் திரும்பினார். "சாப்பிட்டியா?"



"இன்னும் இல்லப்பா" என்றாள் முத்தரசி. "அம்மா, இந்தக் குரல் இருக்கா இன்னும்?"

"இருக்கு. அப்பாகிட்ட இல்ல. கோல்டோன்னு ஒருத்தர்கிட்ட இருக்கு."

கோல்டோ நியாயஸ்தர். யாரும் கொடுத்துவிட்டுப் போனதல்ல என்று அந்தோனி சொல்லித் தெரிந்ததும் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து குரலைக் கழற்ற ஆரம்பித்தார். பாதி கழற்றியபோது தம்பி ஷபியேர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இழுக்கவில்லை, தடுக்கவுமில்லை, பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். வெயிலுமுத்து நீட்டிய கையை நீட்டியபடி வைத்திருந்தார். மண்டியில் நின்றிருந்தால், சரக்கு யாருடையது என்று இரண்டே வார்த்தையில் முடித்திருப்பார். முடிக்கிற குரலும் தொண்டையில் தயாராகத்தான் இருந்தது. ஷபியேரின் விரல்கள் வெளுத்திருந்தன.

"பரவாயில்ல, விடு" என்றார் கோல்டோ. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஷபியேர் கையை எடுத்தார். வெயிலுமுத்துவும் கையை எடுத்தார்.

"நாளைக்கு மதியம் பன்னெண்டுக்கு நகர மன்றம்" என்றாள் முத்தரசி கிண்ணத்திலிருந்து. "அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க." இதையே பாஸ்க் மொழியில் ஒரு தடவை சொன்னாள். கோல்டோ தலையாட்டினார். ஷபியேர் தன்னிடம் கோட்டு இருக்கிறது என்றார்.

மறுநாள் நகர மன்றத்தின் மாடி அறையில் பதினைந்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன் வரிசையில் வெயிலுமுத்து, அவருக்கு வலது பக்கம் மங்கை, இடது பக்கம் கோல்டோ. கோல்டோவுக்கு அடுத்து ஷபியேர் கோட்டோடு. படியேறும்போதே மங்கை கோல்டோவிடம் சொல்லிவைத்தாள்: "அவரு தலையாட்டுறதுக்கு முன்னாடி நீங்க சரின்னு சொல்லிடக் கூடாது. புரியுதா?"

"போர்த்திக்க" என்றார் கோல்டோ.

"புரிஞ்சிருக்கும்" என்றாள் மங்கை.

முத்தரசி அரக்குப் பட்டு கட்டி, கீழே வேலைக்குப் போகிற காலணி போட்டிருந்தாள். உனாய் நகத்துக்குள் இருந்த கிரீஸைக் கழுவிப் பார்த்திருக்கிறான், முழுக்கப் போகவில்லை. வெயிலுமுத்து அதைக் கவனித்தார். வற்றல் மண்டிக்காரர்களின் விரலும் அப்படித்தான் இருக்கும். எத்தனை தேய்த்தாலும் சிவப்புப் போகாது.

அதிகாரி ஒரு பெண்மணி. ஏதோ படித்தார். பிறகு, பெண்ணின் தகப்பனார் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். முத்தரசி கேட்கச் சொல்லி வைத்திருந்த கேள்வி அது. அவள் பேனாவைக் கையில் எடுக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து நின்றாள்.

வெயிலுமுத்து எழுந்தார். வாயைத் திறந்தார்.

"சம்பா வத்தல் முதல் ரகம்..." என்று கடைக் குரல் தானாக ஆரம்பித்தது. அதற்கு வேறு தொடக்கம் தெரியாது. முத்தரசியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கோயமுத்தூர் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிய அன்றும் அந்த முகம் அப்படித்தான் இருந்தது. சம்மதம் என்று அன்று அவர் அதை எடுத்துக்கொண்டார். வெயிலுமுத்து வாயை மூடினார். உதட்டை இறுக்கி, கடைக் குரலைப் பல்லுக்குப் பின்னாலேயே நிறுத்தினார். அது கொஞ்ச நேரம் முட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தது.

அறையில் யாரும் இருமவில்லை. மைஷாபெலின் கடை போல இருந்தது.

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. மூன்று டிக்கெட்டும் மடித்தபடி இருந்தன. இப்போது ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டால் போதும். பெண் ஊருக்கு வந்துவிடுவாள். மாடியில் அவளுடைய அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

எத்தனையோ பேரத்தில் உட்கார்ந்திருக்கிறார். எதிராளி கடைசி விலையைச் சொல்லாமல் அவர் தலையாட்டியதில்லை. இன்று எதிராளி ஒரு விலையும் சொல்லவில்லை. கையைப் பையிலிருந்து எடுத்தார். இடது பக்கம் திரும்பி, கோல்டோவைப் பார்த்துத் தலையாட்டினார்.

கோல்டோ எழுந்து நின்றார்.

"சரி" என்றது வெயிலுமுத்துவின் வீட்டுக் குரல்.

அதுவரை பயன்படுத்தாத சொல் அது, தெளிவாக இருந்தது. வழக்கமில்லாமல் வெளியே விட்ட குரலாதலால் அதோடு நிற்கவில்லை. "அப்பா இருக்கேன். தூங்கு" என்றது.

முத்தரசி நின்றபடியே தூங்கினாள். உனாய் அவளுடைய கைப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். சூடான டீ குடிக்கிற பதத்துக்கு ஆறுகிற நேரம் தூங்கியிருப்பாள். விழித்ததும் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். உனாய் போட்டான். சாட்சிக்கு மங்கையும் ஷபியேரும் போட்டார்கள்.

மதியச் சாப்பாடு மைஷாபெலின் கடையில். எல்லாருடைய குரலும் கொக்கிகளில் தொங்கின. வெயிலுமுத்து தன் கடைக் குரலைக் கோல்டோ மாட்டியிருந்த வீட்டுக் குரலுக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினார். உருளைக்கிழங்கு அடை மூன்று தடவை வந்தது.

திங்கட்கிழமை ரயில் நிலையத்துக்குக் கோல்டோவும் ஷபியேரும் வந்தார்கள். குரலைத் திருப்பித் தரத்தான் வந்தார்கள். கோல்டோ மேல் பொத்தானைத் திறந்துவிட்டு நின்றார். ஷபியேர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை மணிக்கட்டைப் பிடிக்கவில்லை.

வெயிலுமுத்து மங்கையைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்குறீக? உங்க சாமான்" என்றாள் மங்கை. "வீட்டுல எப்படியும் சும்மாத்தான் கிடந்துச்சு. அவுகளாச்சும் புழங்கட்டும்னா புழங்கட்டும். வேணும்னா வாங்கிக்கோங்க."

வெயிலுமுத்து கோல்டோவின் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுவிட்டார். "மழையில நனைச்சுடாத" என்றார் கடைக் குரலில். நடைமேடையில் இருந்தவர்கள் எல்லாரும் குடையை விரித்தார்கள்.

விமானத்தில் இருவருக்கும் நடுவில் ஓர் இருக்கை காலியாக வந்தது. அதற்கும் ஒரு தட்டுச் சாப்பாடு வைத்தார்கள். மங்கை அதிலிருந்த இனிப்பை எடுத்துக்கொண்டாள். வெயிலுமுத்து மதுரை வரை பேசவில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரல் ஆறாம் தேதி விருதுநகரில் பங்குனிப் பொங்கல். வெயிலுமுத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனார். டயர் அடி வைத்த தோல் செருப்பில் வலதைப் பூக்கடை ஓரமாகவும், இடது செருப்பைக் கரும்புச் சாறு வண்டியின் சக்கரத்துக்குப் பின்னாலும் விட்டார். கும்பிட்டுவிட்டு வந்தபோது வலது செருப்பு இருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் அவருடைய வீட்டுக் குரல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. முழங்கைப் பக்கம் கொஞ்சம் தேய்ந்து, வினிகரும் நெத்திலியும் கலந்த வாடையோடு இருந்தது. உதறி மாட்டிக்கொண்டு, ஒரு காலில் செருப்போடு வீட்டுக்கு நடந்தார்.

"இன்னொண்ணு எங்க?" என்றாள் மங்கை.

"பரவாயில்ல, விடு."

மங்கை அடுப்பை அணைத்தாள்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல."

இருவரும் உட்கார்ந்தார்கள். குரலில் புதிதாக ஒரு பாஸ்க் சொல்லும் சேர்ந்திருந்தது. என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது. சோறு போடும்போது சொன்னார். மங்கை இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

அதே ஏப்ரல் ஆறாம் தேதி காலை சான் செபஸ்தியானில், தம்பியோடு பேசவேண்டியதையெல்லாம் பேசி முடித்திருந்த கோல்டோ, இடது காலில் மட்டும் டயர் அடி வைத்த தோல் செருப்போடு மீன் சந்தைக்கு வந்து போனதாக முத்தரசி தொலைபேசியில் தெரிவித்தாள். அளவு சரியாக இருந்தது.